ஒரு கோழி பாக்கி

இல்மன்ரோடெ.
நாம் நடக்கிற ரோடு இல்லை இது.
மரத்தை வேரோடு பிடுங்கிய இடம் என்று பொருள்;
நம்மவர்களாயிருந்தால் வெட்டுக்காடு என்று வைத்திருப்பார்கள்.
பதினெட்டு வீடு, தீயணைப்பு வண்டிக்கு ஒரு கொட்டகை,
மாதம் ஒருமுறை பாதிரியார் வந்து திறக்கிற சிற்றாலயம்,
மாடு கறக்கும் பண்ணை மூன்று.
ஒன்றுவிட்டு ஒருநாள், விடியுமுன்,
பால் லாரியோடு நான் போவேன்.
குழாயை மாட்டிவிட்டு நிற்கும் பதினொரு நிமிடத்தில்
ஊரின் முழுச் செய்தியும் தொட்டிக்குள் இறங்கிவிடும்.

"எங்கள் வயது தெரிந்துவிட்டது" என்றாள் நோட்பூர்கா,
பூட்ஸைத் தண்ணீரில் உதறிக்கொண்டு.
காப்பகத்தில் யாரோ புரட்டிய தோல் ஏட்டில்
ஒரு துறவியின் வரவுக் கணக்கு.
ஒன்றரை வரி லத்தீன்.
ஆயிரத்து இருநூற்று எழுபத்து நான்கு:
இல்மன்ரோடெ. இரண்டு புகை. இரண்டு கோழி.
வரவில்லை.

புகை என்றால் அடுப்பு.
அடுப்புக்கொரு கோழி மடத்துக்கு வரி.

அதற்கும் முப்பது வருடம் முன்பே
யாரோ பீச் மரங்களைச் சாய்த்திருப்பார்கள்,
அடிக்கட்டைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள்,
சாம்பல் ஆறுமுன் ரை விதைத்து
முதல் குளிர்காலத்தில் ஒரு பிள்ளையைப் புதைத்திருப்பார்கள்.
ஒருவரும் எழுதவில்லை.
கொடுக்காதபோதுதான் எழுதினார்கள்.

எனக்கு வியப்பில்லை.
இந்த நாட்டில் என் பெயரை முதலில் எழுதியவர்
ஒரு டிக்கெட் பரிசோதகர்.
கோட்டிங்கன் ரயில், எண்பத்தைந்து நவம்பர்,
அபராதம் நாற்பது மார்க்.
குகதாசன் என்ற என்னை
குகா, தாசன் என்று இரண்டு ஆளாக்கியிருந்தார்.
பிறப்புச் சான்றிதழ் என்னிடம் இல்லை.
அந்தச் சீட்டு இருக்கிறது.

எழுநூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்குக்
கடனை அடைப்பதென்று ஊர்கூடித் தீர்மானம்.
மடம் இப்போது முதுகுவலிக்காரர்களின் மருத்துவ விடுதி.
பால் லாரி அந்த வழியாகத்தானே போகிறது,
ஆகவே இரண்டு கோழியும் என் தலையில்.
விதிப்படி தவறு.
சரி என்றேன்.

முந்தின இரவு ஓஸ்வின் வந்து
நோட்பூர்காவின் கதவைத் தட்டியிருக்கிறான்.
விழாக் குழுவில் அதுவரை வாய் திறக்காத ஆள்.
"அடைத்துவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார்களே.
பள்ளி போயிற்று. தபால் பெட்டி போயிற்று.
பலகையில் பக்கத்து ஊர்ப் பெயர் பெரிதாக,
கீழே நாம், பொடி எழுத்தில்.
பிறகு நாம் எதில்தான் இருப்போம்?"

விடிந்தபோது என் இருக்கைக்குப் பக்கத்தில்
ஒரே ஒரு பெட்டி வைத்தாள்.
நான் கேட்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்
நோயாளியின் காப்பீட்டு எண் என்ன என்றாள்.
கோழி, என்றேன்.
குளியல் அங்கியில் நடை பழகியவர்கள்
முதுகை மறந்து குனிந்து பார்த்தார்கள்.
மேலாளரைக் கூப்பிட்டாள், அவர் சமையல்காரரைக் கூப்பிட்டார்,
சமையல்காரர் சுகாதாரச் சட்டத்தைக் கூப்பிட்டார்.
கடைசியில் தோட்டக்காரன் வாங்கிக்கொண்டான்.
முத்திரையோடு ரசீது:
பெறப்பட்டது, கோழி ஒன்று.
பாக்கி, ஒன்று.

அதைச் சட்டம் போட்டுத்
தீயணைப்புக் கொட்டகையில் மாட்டியிருக்கிறார்கள்.
முழுவதும் கட்டிய ஊர்கள் எத்தனையோ இருந்திருக்கும்
இந்தக் காட்டுக்குள்.
அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது.

நானோ நாற்பது மார்க்கையும் கட்டிவிட்டேன்,
அப்போதே, நாணயமாக.

இன்றைக்கு நல்ல பனி.
கூரைகளில் புகை ஒன்றுதான், மற்றதெல்லாம் வெப்பப் பம்பு.
குழாய் ஓடுகிறது.
என் காலடியில் கிளறிக்கொண்டு
கழுத்தில் செம்பட்டை இறகோடு
கொழுத்துத் திரிகிறது அந்த இன்னொன்று,
யாருக்கோ சேர வேண்டியது.